விளக்கெண்ணெய் குடித்துப் பறந்த எஞ்சின்

கலைக்களஞ்சியத்தில் ‘க்னோம் ஒமேகா’ பற்றிய பதிவைப் புரட்டுபவருக்கு முதலில் கிடைப்பது எண்கள். ஏழு சிலிண்டர். உள்விட்டம் 110 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 120 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர். எடை சுமார் 75 கிலோ. 50 குதிரைத்திறன். பக்கத்திலேயே ஒரு படம் இருக்கும். நடுவிலிருந்து ஏழு திசையிலும் விரிந்து நிற்கும் எஃகுச் சிலிண்டர்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய வளையங்களாகக் குளிர்விப்புத் தகடுகள். அப்புறம் வரலாறு நாலைந்து பத்தி. முதல் உலகப் போர் முடிந்ததும் இந்த வகை எஞ்சின் வழக்கொழிந்தது என்ற தீர்ப்போடு பதிவு முடியும்.

சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது நின்றுபோன எஞ்சின். நிற்கும்போது இதற்கும் பின்னாளில் வந்த சாதாரண ரேடியல் எஞ்சினுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஓடவிட்டால்தான் இதன் சங்கதி புரியும். மற்ற எஞ்சின்களில் உடல் அசையாமல் இருக்க, நடுவிலுள்ள கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். க்னோமில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தின் உடலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சுற்றுவது எஞ்சின். ஏழு சிலிண்டரும், அவற்றைத் தாங்கும் உறையும், முன்னால் பூட்டிய ப்ரொபெல்லரும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,200 முறை சுழலும்.

இவ்வளவு கனத்தைச் சுழற்றுவானேன் என்று இன்றைக்குக் கேட்பது எளிது. போருக்குப் பிந்தைய காலத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு முட்டுச்சந்தாகத்தான் தெரியும். 1908-ல் பறக்க முயன்றுகொண்டிருந்தவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் கதையே வேறு.

அன்றைக்கு விமானம் கட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது அதற்கு ஏற்ற எஞ்சினைத் தேடிப் பிடிப்பது. மோட்டார் கார் எஞ்சின்கள் கனமானவை. தண்ணீர், ரேடியேட்டர், குழாய்கள், ஃபிளைவீல் எல்லாம் சேர்ந்தால் விமானம் தரையை விட்டு எழும்பவே மறுக்கும். லெவவாசர் வடிவமைத்த ஆன்டுவானெட் எஞ்சின் எடை குறைவு, நுட்பமானது. ஆனால் நம்பி ஏற முடியாது. 1909 ஜூலை 19-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட ஊபெர் லாத்தாம் அந்த எஞ்சின் நின்றுபோய்த்தான் கடலில் இறங்கினார். ஆறு நாள் கழித்துக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவின் விமானத்தில் இருந்தது மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறன் அன்ஸானி. நடுவழியில் அது சூடேறத் தொடங்கியதாகவும், பெய்த மழைதான் அதைக் குளிர்வித்துக் கரைசேர்த்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மழையை நம்பி எஞ்சின் ஓட்ட வேண்டிய நிலை என்றால், அந்தக் காலத்தின் பெரிய தலைவலி எது என்பது விளங்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்று வேகமாக வீச வேண்டும். அன்றைய விமானங்களோ மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில்தான் பறந்தன. தரையில் நின்றபடி ஓடும்போது அந்தக் காற்றும் கிடையாது.

காற்று எஞ்சினைத் தேடி வராவிட்டால் எஞ்சினே சுழன்று காற்றைத் தேடிப் போகட்டும் என்று முடிவு செய்தவர்கள் பிரான்ஸின் செகுவான் சகோதரர்கள், லூயியும் லோரானும். அவர்களுடைய குடும்பமே எஞ்சினியர் குடும்பம். தாத்தா மார்க் செகுவான் தொங்கு பாலங்கள் கட்டியவர், ரயில் எஞ்சினுக்குப் பல குழாய்க் கொதிகலன் அமைத்துப் பேர் பெற்றவர். அந்த மார்க்குக்குத் தாய்வழிச் சொந்தம், 1783-ல் வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்ட மான்கோல்ஃபியே குடும்பம்.

லூயி செகுவான் தொழில் தொடங்கியது ஆகாயத்தில் அல்ல. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகிலுள்ள ஓபருர்செல் ஊரின் எஞ்சின் தொழிற்சாலை ‘க்னோம்’ என்ற பெயரில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை விற்றுவந்தது. தரையில் நிறுத்தி வைத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் ஓட்டும் ரகம். அதைப் பிரான்ஸில் செய்து விற்கும் உரிமையை அவர் வாங்கினார். 1905-ல் பாரிஸை ஒட்டிய ஜென்வில்லியேயில் பிறந்த கம்பெனிக்கும் அந்தப் பெயரே அமைந்தது. ஜெர்மன் ஊரான ஓபருர்செல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போர் வந்தபோது அது மீண்டும் கதைக்குள் வரும்.

சுழலும் எஞ்சினை முதலில் நினைத்தவர்கள் செகுவான்கள் அல்லர். அதை அவர்களுடைய கண்டுபிடிப்பு என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகும் பதிவுகள் அங்கேதான் சறுக்குகின்றன. 1889-லேயே பிரான்ஸின் ஃபெலிக்ஸ் மியே இருசக்கர வண்டியின் சக்கரத்துக்குள் சுழலும் எஞ்சினைப் பொருத்தினார். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் அழுத்திய காற்றால் சுழலும் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்தார். நியூயார்க்கில் ஸ்டீபன் பால்ஸர் 1890-களில் அந்த வகை எஞ்சினோடு ஒரு காரையே கட்டினார். விஞ்ஞானி லாங்லி தன்னுடைய விமானத்துக்கு எஞ்சின் கேட்டு அந்த பால்ஸரிடம்தான் போனார். பால்ஸரால் கேட்ட திறனைக் கொடுக்க முடியவில்லை. லாங்லியின் உதவியாளர் சார்லஸ் மான்லி அதைச் சுழலாத எஞ்சினாக மாற்றியமைத்து 52 குதிரைத்திறன் எடுத்தார். விமானம் 1903-ல் இரண்டு முறையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது வேறு கதை. ஆக, யோசனை பலருக்கும் இருந்தது. அதை ஆகாயத்தில் மணிக்கணக்காக ஓடும் பொருளாக்கியது செகுவான்களின் பட்டறை. பெருமையை அவ்வளவுக்கு அளந்து கொடுத்தாலும் அது சின்னப் பெருமையல்ல.

அந்தப் பட்டறை வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அன்றைய வழக்கம் எஞ்சின் உறுப்புகளை வார்ப்பது. செகுவான்கள் வார்ப்பை நம்பவில்லை. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத குமிழி இருந்தால், சுழலும் வேகத்தில் சிலிண்டர் பிய்த்துக்கொண்டு பறக்கும். எனவே ஒவ்வொரு சிலிண்டரையும் அடித்து உருவாக்கிய நிக்கல் எஃகுத் துண்டிலிருந்து லேத்தில் கடைந்து எடுத்தார்கள். குளிர்விப்புத் தகடுகளும் தனியாக ஒட்டியவை அல்ல. அதே துண்டிலிருந்து கடைந்தவை. சிலிண்டர் சுவரின் தடிமன் சுமார் 1.5 மி.மீ.தான். தொழிற்சாலைக்குள் வந்த எஃகில் பெரும்பகுதி சுருள் சுருளாகச் சீவப்பட்டுத் தரையில் விழுந்தது. மிஞ்சியதுதான் எஞ்சின். இதனால் விலை ஏறியது. ஆனால் ஒரு குதிரைத்திறனுக்கு ஒன்றரைக் கிலோ என்ற கணக்கு கைக்கு வந்தது.

சுழலும் சிலிண்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோவது எப்படி? வெளியிலிருந்து குழாய் இழுக்க வழியில்லை. அசையாமல் இருப்பது கிராங்க் ஷாஃப்ட் மட்டுமே. அதை உள்ளீடற்ற குழாயாகச் செய்து, அதன் வழியே பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எஞ்சினின் வயிற்றுக்குள் விட்டார்கள். அங்கிருந்து அது பிஸ்டனின் தலையில் பொருத்திய தானியங்கி வால்வைத் திறந்துகொண்டு சிலிண்டருக்குள் ஏறியது. சுழற்சியின் விசை அந்த வால்வை இழுத்துவிடாமல் இருக்க அதற்குக் குட்டி எதிர் எடைகள். எரிந்த புகை சிலிண்டர் தலையிலுள்ள இன்னொரு வால்வு வழியாக வெளியேறும். சிலிண்டர்களின் எண்ணிக்கை ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒன்று விட்டு ஒன்று வெடித்துக்கொண்டே போனால், இரண்டு சுற்றில் எல்லாச் சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடித்து முடிக்கும். இரட்டைப்படையானால் அந்த ஒழுங்கு வராது. சுழலும் உடலே ஃபிளைவீலின் வேலையையும் பார்த்ததால் அதிர்வு மிகக் குறைவு. அதிரும் எஞ்சின்களால் மரச்சட்டமும் துணியும் ஆன விமானங்கள் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நாளில், இது விமானிகளுக்கு வரமாக வந்தது.

1909 ஆகஸ்டில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகருக்கு வெளியே உலகின் முதல் பெரிய விமானத் திருவிழா நடந்தது. 27-ஆம் தேதி ஹென்ரி ஃபார்மன் தன் விமானத்தில் அப்போதுதான் மாட்டிய க்னோமோடு கிளம்பினார். தாழ்வாக, மெதுவாக, கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். 3 மணி 4 நிமிடம் 56 வினாடியில் 180 கி.மீ. பொழுது சாய்ந்து நடுவர்கள் நேரக்கணக்கை முடித்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூரத்துக்கான 50,000 ஃபிராங்க் பரிசு அவருக்கு. அந்த மாலைக்குப் பிறகு விமானம் வைத்திருந்தவர்கள், வைத்திருக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் ஜென்வில்லியே பக்கம் திரும்பினார்கள்.

அடுத்த நான்காண்டுச் சாதனைப் பட்டியலில் எங்கே கை வைத்தாலும் க்னோம் இருக்கும். 1910 மார்ச் 28-ல் மார்செய் அருகே ஹென்ரி ஃபாப்ர் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்தார். உலகில் முதல்முறை. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு 10,000 பவுண்ட் பரிசுக்காகப் பறந்த லூயி போலான், கிளாட் கிரஹாம்-ஒயிட் இருவரின் விமானத்திலும் க்னோம். போலான் வென்றார். 1913 செப்டம்பர் 23-ல் ரோலான் காரோஸ் தெற்குப் பிரான்ஸிலிருந்து டூனிஸியாவின் பிஸெர்த் வரை மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் கடந்தார். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், கீழே பெரும்பாலும் தண்ணீர். இறங்கியபோது டேங்கில் மிச்சம் 5 லிட்டர் பெட்ரோல். அதே மாதக் கடைசியில் மொரீஸ் பிரெவோ 14 சிலிண்டர், 160 குதிரைத்திறன் க்னோமால் மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். பதிவுகள் இவற்றை விமானிகளின் பெயரிலும் விமானங்களின் பெயரிலும் எழுதிவைத்திருக்கின்றன. எஞ்சினின் பெயர் அட்டவணையில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. அந்த வரியைப் பத்திக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இனி எண்ணெய்க்கு வருவோம். எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே பெட்ரோல் ஆவி நிரம்பியிருப்பதால் சாதாரணக் கனிம எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத, சூட்டிலும் பிசுபிசுப்பு விடாத எண்ணெய் ஒன்றுதான் கிடைத்தது. நம் வீடுகளில் குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டால் சங்கில் புகட்டுவார்களே, அந்த விளக்கெண்ணெய்தான். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. சுழற்சி அதைச் சிலிண்டர் தலைக்கு விரட்ட, புகையோடு சேர்ந்து வெளியே தெறிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கால விமானங்களின் மூக்கில் வட்டமான தகர உறை. கீழ்ப்பக்கம் திறந்த அந்த உறை எண்ணெயை வயிற்றுக்கடியில் வழியவிடும். அப்படியும் முகத்தில், கண்ணாடியில், உடுப்பில் எண்ணெய்ப் படலம். விமானிகள் கழுத்தில் கட்டிய பட்டுத்துணி கண்ணாடி துடைக்கவும் உதவியது. மணிக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்து, நாக்கில் படிந்ததை விழுங்கி, தரையிறங்கியதும் கழிப்பறைக்கு ஓடியவர்களைப் பற்றிய பேச்சு அந்தத் தலைமுறை விமானிகளிடம் நிறைய உண்டு.

ஆமணக்கு இந்தியாவின் பழைய பயிர். சென்னை மாகாணத்திலும் ஐதராபாத் சமஸ்தானத்திலும் மானாவாரியாக விளைந்து, விதையாகவும் எண்ணெயாகவும் கப்பலேறிய சரக்கு. போர்க்காலத்தில் அது ராணுவச் சரக்காக மாறியது. 1918-ல் அமெரிக்க அரசு பம்பாயிலிருந்து ஒரு கப்பல் நிறைய ஆமணக்கு விதையைத் தருவித்து, தன் தென் மாநிலங்களில் 1,00,000 ஏக்கருக்கும் மேல் விதைக்க ஏற்பாடு செய்தது. நோக்கம் விமான எண்ணெய். பிரிட்டனின் வேக்ஃபீல்டு கம்பெனி 1909-ல் விளக்கெண்ணெய் சேர்த்துத் தயாரித்த எஞ்சின் ஆயிலுக்கு ‘காஸ்ட்ரால்’ என்று பெயர் வைத்தது. நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இன்றும் அடுக்கியிருக்கும் டப்பாக்களின் பெயர் ஆமணக்கிலிருந்து வந்தது. எஞ்சின் பதிவுகளில் உலோகம் பற்றி இருக்கும் அக்கறையில் கால்பங்கு இந்த எண்ணெய் பற்றி இருப்பதில்லை. கரிசல் காட்டு விதை ஒன்று ஐரோப்பிய ஆகாயத்தைத் தாங்கிய செய்தி அடிக்குறிப்பாகக் கிடக்கக் கூடாது.

ஓட்டுவது தனி வித்தை. இன்றைய வண்டிபோல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சரியான த்ராட்டில் இல்லை. பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல், காற்றுக்கு ஒன்று. இரண்டையும் காது கேட்கும் சத்தத்தை வைத்து அனுசரிக்க வேண்டும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க ஒரே வழி, கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி மின்பொறியைத் துண்டிப்பது. விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். எஞ்சின் அணைந்து, உறுமி, மீண்டும் அணைந்து, மீண்டும் உறுமும். விட்டுவிட்டு வரும் அந்தச் சத்தத்தை வைத்தே விமானம் இறங்குகிறது என்று மைதானத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். பொத்தானை அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் எரியாத பெட்ரோல் உறைக்குள் தேங்கும். அடுத்த பொறியில் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

போர் தொடங்கியபோது ஓபருர்செல் திரும்பவும் வந்தது. முன்பு உரிமம் கொடுத்த ஜெர்மன் தொழிற்சாலை, 1913-ல் பாரிஸ்காரர்களிடமிருந்து சுழல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியிருந்தது. 1915-ல் நேச நாட்டு விமானங்களை வேட்டையாடிய ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானத்தின் மூக்கில் சுழன்றது, க்னோமின் ஓபருர்செல் நகல். அதை எதிர்த்துப் பறந்த பிரெஞ்சு, ஆங்கில விமானங்களில் பலவும் க்னோம், ல ரோன் எஞ்சின்களையே நம்பியிருந்தன. க்னோமும் போட்டிக் கம்பெனியான ல ரோனும் போர்க்காலத்தில் ஒன்றாக இணைந்தன. ஜெர்மன் போர் விமானி ரிக்ட்ஹோஃபனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மூவிறக்கை ஃபோக்கரிலும் இருந்தது ல ரோனின் ஓபருர்செல் நகல்தான். கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு விளக்கெண்ணெய் வருவது நின்றது. மாற்று எண்ணெய் ஊற்றிய எஞ்சின்கள் சூடேறி இறுகின. பிடிபட்ட எதிரி விமானங்களின் ல ரோன் எஞ்சின்களுக்கு ஜெர்மன் படைப்பிரிவுகளில் நல்ல கிராக்கி இருந்தது.

பிரிட்டனின் சாப்வித் கேமலில் இந்த எஞ்சின் வகையின் பலமும் ஆபத்தும் ஒருசேரத் தெரிந்தன. எஞ்சின், துப்பாக்கிகள், பெட்ரோல், விமானி எல்லாம் மூக்கை ஒட்டிய ஏழடிக்குள் அடைந்திருந்தன. மூக்கில் சுழலும் அத்தனை எஃகும் ஒரு பெரிய பம்பரம். சாய்த்தால் சாயாது, செங்குத்துத் திசையில் தள்ளும். வலப்பக்கம் திருப்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திருப்பினால் மூக்கு எழும். இந்தக் குணம் பிடிபட்டவருக்குக் கேமல் கைக்கு அடங்கிய ஆயுதம். பிடிபடாமல் தரையருகே திருப்பிய எத்தனையோ இளைஞர்கள் எதிரியைப் பார்க்காமலே செத்தார்கள்.

அந்தக் கேமலில் ஓர் இந்தியரும் உட்கார்ந்திருந்தார். ராவல்பிண்டியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக். தலைப்பாகைக்கு மேல் பொருந்தும்படி தனியாகச் செய்த தொப்பியோடு 28-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்தார். 1917 அக்டோபர் 26-ல் நடந்த வான்சண்டையில் காலில் குண்டுகள் பாய்ந்தன. விமானம் சல்லடையாகியும் தரையிறங்கி உயிர் பிழைத்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகப் பணியாற்றினார். 1985 வரை வாழ்ந்தார்.

இந்த எஞ்சினின் எல்லையும் அந்தச் சுழற்சியில்தான் இருந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, சிலிண்டர்கள் காற்றைக் கிழிப்பதற்கே திறன் செலவாகும். வேகம் இரட்டித்தால் அந்தச் செலவு எட்டு மடங்கு. எண்ணெயும் பெட்ரோலும் அநியாயத்துக்குத் தீர்ந்தன. ஏறத்தாழ 20 மணி நேரம் பறந்தாலே பழைய க்னோமைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சீமென்ஸ் கம்பெனி சிலிண்டர்களை ஒரு பக்கமும் கிராங்க் ஷாஃப்டை எதிர்ப்பக்கமும் நிமிடத்துக்கு 900 சுற்று வீதம் சுழலவிட்டு ஒரு வழி கண்டது. நுட்பமான தீர்வு, ஆனால் தாமதமாக வந்தது. இங்கிலாந்தில் டபிள்யூ. ஓ. பென்ட்லி அலுமினியம் சேர்த்துச் செய்த பிஆர்-2, 200 குதிரைத்திறனைத் தாண்டியது. போர் முடிந்ததும் அவர் கார் கட்டப் போய்விட்டார். அதற்குள் ஹிஸ்பானோ-ஸ்விஸா போன்ற நீர்குளிர் எஞ்சின்கள் இலகுவாகியிருந்தன. விமானங்கள் வேகமெடுத்துவிட்டதால் எதிர்க்காற்றே சிலிண்டர்களைக் குளிர்விக்கப் போதுமானதாக இருந்தது. எஞ்சினைச் சுழற்ற வேண்டிய காரணமே மறைந்துபோனது. 1927-ல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு 33 மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் பறந்தது, அசையாமல் நின்ற ஒன்பது சிலிண்டர் ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினில்.

வழக்கொழிந்தது எஞ்சின் வகைதான். அதைச் செய்த பட்டறைகள் மூடப்படவில்லை. க்னோம்-ரோன் கம்பெனி சுழலாத ரேடியல் எஞ்சின்களுக்கு மாறியது. 1945-ல் நாட்டுடைமையாகி ஸ்னெக்மா ஆனது, இன்று சாஃப்ரான். போயிங் 737-களிலும் ஏர்பஸ் ஏ-320-களிலும் பறக்கும் சிஎஃப்எம் எஞ்சின்களில் பாதி அதன் கைவேலை, மறுபாதி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கினுடையது. ஓபருர்செல்லில் ரோல்ஸ்-ராய்ஸ் இன்றும் ஜெட் எஞ்சின் பாகங்கள் செய்கிறது. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் தொகுப்பிலுள்ள ஆவ்ரோ 504, சாப்வித் பப் விமானங்கள் ல ரோன் எஞ்சினோடு வானேறுகின்றன. நியூசிலாந்தின் பிளென்ஹைமில் ஒரு பட்டறை, 100 குதிரைத்திறன் ஒற்றை வால்வு க்னோமைப் பழைய மாதிரிப்படியே புதிதாகக் கடைந்து செய்கிறது.